பழைய நெகட்டிவ்களை வீசிவிடாதீர்கள்

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, அதே ஆண்டு ஏ9 பாதையும் திறந்தபோது, பத்துப் பதினைந்து வருடங்களாக ஊரைக் காணாதவர்கள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். பலர் கமராவோடு வந்தார்கள். டிஜிட்டல் கமரா அப்போதுதான் பரவலாகிக்கொண்டிருந்தது. அநேகமானவர்கள் கொண்டுவந்தது பிலிம் கமராதான். கோயில், கிணற்றடி, உடைந்த வீடு, படித்த பள்ளிக்கூடம், ஒன்றுவிட்ட சகோதரங்கள், அவர்களின் பிள்ளைகள் என்று நாலைந்து றோல் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அங்கே கழுவி, அச்சிட்டு, ஒரு தொகுதியை ஊருக்கு அனுப்பினார்கள். நெகட்டிவ்கள் அங்கேயே தங்கிவிட்டன.

2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2008இலும் 2009இலும் வன்னிக் குடும்பங்கள் கிளிநொச்சிப் பக்கமிருந்து கிழக்கே, கடற்கரை வரைக்கும் இடம்மாறிக்கொண்டே போனபோது, ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் போனார்கள். அல்பங்கள் பாரமானவை. ஊருக்கு அனுப்பிய பிரதிகளில் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. ஆனால் அதே படங்களின் மூலம் ஸ்காபரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில், படம் கழுவிய கடையின் கடதாசி உறைக்குள் இன்னும் இருக்கக்கூடும். வீடு மாறும்போது, ‘இதெல்லாம் இனி என்னத்துக்கு’ என்று குப்பைக்குப் போவதும் அந்த உறைகள்தான்.

கடந்த மூன்று வருடங்களாகச் சொந்தக்காரர், அயலவர் வீடுகளின் படங்களையும் நெகட்டிவ்களையும் ஸ்கான் செய்து கொடுத்து வருகிறேன். இதற்குப் பெரிய ஸ்ரூடியோ தேவையில்லை. ஒரு மேசை, ஓர் இருட்டான அறை, கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். வீட்டில் செய்வதற்குச் செலவு குறைவு என்பதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிரதி இருக்கும்போது நெகட்டிவ் எதற்கு?

அச்சிட்ட படம் என்பது நெகட்டிவ்வில் உள்ளதன் ஒரு பகுதிதான். கடையின் இயந்திரம் ஓரங்களைச் சற்று வெட்டியே அச்சிடும். வெயிலில் நின்றவரின் வெள்ளைச் சட்டை அச்சில் வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கும். நெகட்டிவ்வில் அதே சட்டையின் மடிப்பும் பொத்தானும் தெரியும். நிறப் படங்களுக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அச்சிட்ட நிறப் படங்கள் பல இன்று செம்மை பூசியதுபோல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் அந்தக் கடதாசிகளின் சயான் சாயம் மங்கிவிடும், மிஞ்சுவது சிவப்பு. எங்கள் வெக்கையும் ஈரப்பதமும் அதை விரைவுபடுத்தும். கறுப்பு வெள்ளைப் படங்களில் சாயமில்லை, வெள்ளித் துணிக்கைகள்தான் உருவத்தைத் தாங்குகின்றன. அதனால்தான் அம்மம்மாவின் கலியாணப் படம் தெளிவாக இருக்க, அம்மாவின் கலியாணப் படம் சிவந்துபோயிருக்கிறது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட, அல்பத்துக்குள் வராத படங்கள் நெகட்டிவ்வில் இருக்கின்றன. சென்ற வருடம் ரொறன்ரோவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், 2003இல் வன்னியில் நடந்த ஒரு சாமத்தியவீட்டின் நெகட்டிவ்களைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய அல்பத்தில் அந்த றோலின் 21 படங்கள் இருந்தன. நெகட்டிவ்வில் 36. மிச்சம் 15உம் ‘சரிவராதவை’: கண் மூடியவை, கை ஆடியவை, யாரோ குறுக்கே போனவை. அவற்றில் ஒன்றில், பந்தலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு ஒரு பெடியன் போகிறான். முன்னால் நிற்பவர்கள் தெளிவில்லை. பின்னால் போகும் அவன்தான் தெளிவு.

2009இல் காணாமல் போன பிள்ளை அவன். தாயிடம் இருந்தது தேசிய அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று மட்டுமே. அதையே பெருப்பித்து, பெருப்பித்ததைப் பிரதியெடுத்து, ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் கொடுத்து, கடைசியில் அவரிடம் மிஞ்சியிருந்தது கண்ணும் மூக்கும் கரைந்துபோன ஒரு கடதாசி. திரையில் இந்தப் படத்தைப் பார்த்தவர் முகத்தைப் பற்றி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. “உந்தச் சேட் நான் தைச்சது” என்றார். முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கதிரைகளோடையே தாங்கோ என்றார்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் தொடர் போராட்டத்தில், தாய்மார் ஏந்தி நிற்கும் படங்களைக் கவனித்துப் பாருங்கள். பல படங்கள் அடையாள அட்டைப் படத்தின் பிரதியின் பிரதி. அந்தப் பிள்ளைகளில் சிலர் வேறு யாருடையதோ நெகட்டிவ்வின் ஓரத்தில் நிற்கக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என்ன தேவை?

கொமினிகேஷன் கடைகளில் இருக்கும் சாதாரண பிரின்டர்–ஸ்கானரில் நெகட்டிவ்வை ஸ்கான் செய்ய முடியாது. அது கீழிருந்து வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதைப் பதிவுசெய்யும் கருவி. நெகட்டிவ்வுக்கு வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவி வர வேண்டும். எப்சன் பெர்பெக்ஷன் வி600 போன்ற, மூடிக்குள்ளும் விளக்கு உள்ள ஸ்கானர் ஒன்று கிடைத்தால் நெகட்டிவ், படம் இரண்டையும் அதிலேயே செய்யலாம். 35 மி.மீ. பிலிமுக்கென்றே தயாரான பிளஸ்டெக் ஒப்டிக்பிலிம் போன்ற கருவிகள் இன்னும் கூர்மையானவை, ஆனால் படங்களை அவற்றில் ஸ்கான் செய்ய முடியாது. வெளிநாட்டு உறவினர் யாரிடமாவது பழைய ஸ்கானர் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால், புதிய கணினியில் வேலை செய்யாது என்று எறிய வேண்டாம். தயாரித்த நிறுவனமே கைவிட்ட பல ஸ்கானர்களை வியூஸ்கான் என்ற மென்பொருள் இயக்கும்.

பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. இவ்வகை ஸ்கானர் உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதைவிட மிகக் குறைவு. 35 மி.மீ. நெகட்டிவ்வின் ஒரு சட்டம் 24க்கு 36 மி.மீ.; 2400 டிபிஐயில் ஸ்கான் செய்தால் ஏறக்குறைய 77 இலட்சம் புள்ளிகள் வரும். பெரிதாக அச்சிட அது போதும். டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஒரு படம் 23 எம்பி அளவில் இருக்கும். 36 படம் கொண்ட ஒரு றோல் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும்.

ஸ்கானர் இல்லாதவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. டேப்லட் ஒன்றின் திரையில் வெறும் வெள்ளையை நிறுத்தி, வெளிச்சத்தை உச்சத்துக்குக் கூட்டுங்கள். அதன் மேலேயே நெகட்டிவ்வை வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து படமாகிவிடும். அதனால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நெருப்புப் பெட்டிகளை அடுக்கி, நடுவில் நெகட்டிவ்வின் அளவுக்கு ஜன்னல் வெட்டிய கறுப்பு மட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் நெகட்டிவ்வை வையுங்கள். மூன்று சென்ரிமீற்றர் உயரம் போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, தொலைபேசி ஆடாமல் நேர்மேலிருந்து எடுக்க வேண்டும். இது ஸ்கானருக்கு ஈடாகாது. ஆனால் உறைக்குள் என்ன இருக்கிறது, எந்த றோலுக்கு மினக்கெடலாம் என்பதைக் கண்டுபிடிக்க இதுவே விரைவான வழி.

பிலிமில் மினுங்கும் பக்கம் ஒன்று, மங்கலான பக்கம் ஒன்று உண்டு. மங்கலான பக்கத்தில்தான் உருவம் படிந்திருக்கிறது. கமராவால் எடுக்கும்போது பக்கம் மாறிவிட்டால் இடம் வலமாகிவிடும். ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்தும் எண்களும் நேராக வாசிக்கக் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் விட்டிருந்தாலும் சேலைத் தலைப்பு காட்டிக்கொடுக்கும்: வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தலைப்பு வலது தோளில் கிடந்தால் படம் புரண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நிற நெகட்டிவ்வின் அடித்தளம் செம்மஞ்சள். அது பழுதல்ல, சாயங்களின் குறைகளை அச்சிடும்போது ஈடுசெய்வதற்காகத் தயாரிப்பிலேயே வைத்தது. தொலைபேசிச் செயலியில் வெறுமனே நிறத்தை மறித்துப் போட்டால் எல்லோரும் நீலம் பாய்ந்தவர்களாக வருவது அதனால்தான். இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள, படம் விழாத ஓரத்தை ‘வெள்ளை’ என்று முதலில் மென்பொருளுக்குக் காட்டி, அதன்பின் மறித்துப் போட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் மென்பொருளில் நெகடாக்டர் என்றொரு பகுதி இதற்கென்றே இருக்கிறது.

தூசுதான் உண்மையான எதிரி. மேலே சுற்றும் காற்றாடியை நிறுத்துங்கள். வீடு கூட்டித் துடைத்துத் தூசு அடங்கிய நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும். கமராக் கடைகளில் விற்கும் ரப்பர் ஊதியைப் பயன்படுத்துவது நல்லது. சில ஸ்கானர்களில் அகச்சிவப்புக் கதிரால் தூசைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி உண்டு. நிறப் பிலிமின் சாயங்களுக்கூடாக அகச்சிவப்பு போய்விடும், தூசில் தடைப்படும், அதுதான் சூட்சுமம். கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளியே அந்தக் கதிரை மறிப்பதால் கருவி முகத்தையும் தூசு என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். அங்கே அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

நெகட்டிவ் இல்லாத படங்கள்

பெரும்பாலான வீடுகளில் பிஸ்கற் பேணிக்குள்ளோ சொப்பிங் பைக்குள்ளோ மிஞ்சியிருப்பது அச்சிட்ட படங்கள்தான். இவற்றுக்கு 600 டிபிஐ போதும். அடையாள அட்டை அளவுப் படங்களை 1200இல் செய்யுங்கள். 35க்கு 45 மி.மீ. அளவான ஒரு படத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெருப்பிக்க அந்தளவு தேவைப்படும். மெல்லிய, மலிவான ஸ்கானர்கள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதை மட்டுமே கூர்மையாகக் காணும். வளைந்த படத்தின் நடுப்பகுதி மங்கலாகிவிடும். அப்படியான படத்தை நிமிர்த்த முயன்று வெடிக்க வைப்பதைவிட, பகல் வெளிச்சத்தில் கமராவால் எடுப்பது மேல்.

கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்தைப் பிரித்து எடுக்கப் போகாதீர்கள். ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யுங்கள். எண்பது, தொண்ணூறுகளின் பசைத் தாள் அல்பங்களையும் முதலில் பக்கம் பக்கமாக அப்படியே ஸ்கான் செய்துவிட்டு, பிறகு தேவையென்றால் தையல் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையே மெதுவாக அறுப்பதுபோல் ஓட்டி எடுக்கலாம். லமினேட் செய்தவற்றை உரிக்க நினைக்கவே வேண்டாம். பூஞ்சணம் பிடித்த படத்தைத் தண்ணீராலோ ஈரத் துணியாலோ துடைக்கக்கூடாது. பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், உருவமும் சேர்ந்து போய்விடும்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள். ஸ்ரூடியோவின் முத்திரை, பேனையால் எழுதிய திகதி, ‘அன்புத் தங்கைக்கு’ என்ற ஒரு வரி, எல்லாம் அங்கேதான் இருக்கும். முத்திரையில் உள்ள ஊரின் பெயரை வைத்தே, குடும்பம் எந்த வருடம் எங்கே இடம்பெயர்ந்திருந்தது என்று கணக்கிட்டிருக்கிறோம்.

பிரதியின் பிரதிதான் கையில் இருக்கிறதென்றால், ஸ்கான் செய்வதற்கு முன் அதற்கு முந்திய தலைமுறைப் பிரதி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். 31ஆம் நாள் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்கள் இதில் நல்ல துணை. அவற்றில் அச்சான படங்கள் சிறு புள்ளிகளால் ஆனவை என்பதால், ஸ்கான் செய்யும்போது ‘டிஸ்கிரீன்’ என்ற தெரிவை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு கோடாக வரும். படத்தைவிடப் பெரிய உதவி அவற்றின் வம்சாவழிப் பட்டியல். யார் யாருக்கு என்ன முறை என்பதை அது தீர்த்துவைக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இப்படியான நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் வீட்டில் இல்லாதது அங்கே இருக்கலாம்.

மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவால் ‘தெளிவாக்கும்’ செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை மறைந்திருப்பதை மீட்பதில்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களில் பழகிய ஒரு மென்பொருள், இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து ஒரு கண்ணையும் ஒரு வாயையும் வரைந்து வைக்கிறது. கலியாண மண்டபத்துப் பதாகைக்கு அது பரவாயில்லை. தேடப்படும் ஒருவரின் படத்துக்கு அதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பார்ப்பவர் தேடப்போவது, இல்லாத ஒரு மனிதனை. செய்தே தீருவதென்றால், திருத்தாத மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வீட்டுக்குள்ளேயே ஏன்?

2009க்குப் பின் எத்தனையோ வீடுகளில் படங்கள் எரிக்கப்பட்டன, புதைக்கப்பட்டன. சில படங்களில் ஒருவரின் உருவம் மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப்பட்டு, பக்கத்தில் நின்றவரின் தோளில் ஒரு கை மட்டும் மிச்சமாக இருக்கும். இப்படியான படத்தை, அல்லது அதன் வெட்டப்படாத நெகட்டிவ்வை, தெரியாத கடையின் கணினியில் விட்டுவிட்டு வர முடியாது. முகநூலில் விடுதலைப் புலிகள் தொடர்பான படங்களைப் பகிர்ந்ததாகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதான சம்பவங்கள் நமக்குத் தெரியும். சீருடையோடு ஒருவர் பின்னால் நிற்பது ஸ்கான் செய்து பெருப்பித்த பிறகுதான் தெரியவரும்.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன், தொலைபேசியும் கணினியும் படங்களைத் தாமாகவே இணையத்துக்கு ஏற்றும் வசதியை நிறுத்திவிடுங்கள். அந்தச் சேவைகள் முகங்களைத் தாமே இனங்கண்டு தொகுக்கக்கூடியவை. கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வையுங்கள். எதைப் பகிரலாம், எது வீட்டை விட்டுப் போகக்கூடாது என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவுசெய்ய வேண்டும், ஸ்கான் செய்பவரல்ல. இரண்டு வீடுகளில், ஸ்கான் செய்ததை அழித்துவிடும்படி கேட்டார்கள். அவர்கள் முன்னிலையிலேயே அழித்துவிட்டு வந்தேன்.

பகிரலாம் என்று முடிவான படங்களுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும், ஒன்றாவது வேறு ஊரில், வேறு நாட்டில். அந்த ஒரு விடயத்தில் நம் குடும்பங்களுக்குக் குறைவில்லை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, கோப்புக்குள் எழுதிய விபரங்களும் அழிந்துவிடும். ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் நெகட்டிவ்களைத் தபாலில் போடுவதைவிட அங்கேயே ஸ்கான் செய்து கோப்பை அனுப்புவது நல்லது. கையோடு கொண்டுவந்தாலும் பிரச்சினையில்லை. கழுவிய பிலிமை விமான நிலையத்தின் எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. கழுவாத றோல் அகப்பட்டால் திறந்து பார்க்காமல், இன்னமும் பிலிம் கழுவும் இடம் ஒன்றில் கொடுங்கள். அதைப் பையில் கொண்டுவருபவர்தான் எக்ஸ்ரேக்குக் கவனமாக இருக்க வேண்டும். ஸ்கான் செய்து முடிந்ததும் நெகட்டிவ்களை எறியக்கூடாது. கடதாசி உறைகளில், தகரக் கூரைக்குக் கீழ் பரணில் அல்லாமல், வீட்டின் குளிர்ச்சியான உள் அறையில் சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். வினாகிரி மணம் வரும் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை முதலில் ஸ்கான் செய்து, மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். அந்த அமில ஆவி பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும்.

பெயர்கள்

எல்லாவற்றையும் நல்ல தரத்தில் ஸ்கான் செய்து முடித்துவிட்டுத்தான் பெரியவர்களிடம் காட்டுவது என்று இருக்காதீர்கள். தொலைபேசியால் எடுத்த மங்கல் படங்களைக் கொண்டுபோய் முதலில் பெயர்களைக் கேளுங்கள். எண்பது வயது தாண்டியவர் வீட்டில் இருந்தால் ஸ்கானரை வாங்குவதற்கும் முன் இதைச் செய்யுங்கள். கேள்வி கேட்டுக் குறிப்பெடுப்பதைவிட, தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அவர்களைப் பேச விடுவது நல்ல பலன் தரும். என் அம்மம்மாவும் சின்னம்மாவும் ஒரே படத்தை வைத்து அரைமணி நேரம் சண்டை பிடித்தார்கள். “உது ஆர், பெரியண்ணையின்ர மூத்தவனெல்லோ” என்றார் ஒருவர். “அவன் உந்த நேரம் பிறக்கேல்லை” என்றார் மற்றவர். அந்தச் சண்டையிலிருந்துதான் படம் எந்த வருடத்தது என்று தெரிந்தது.

நெகட்டிவ்வின் ஓரத்து எண்கள் இங்கேயும் உதவும். 14ஆம் சட்டத்தில் நிற்பவர் யாரென்று தெரியாவிட்டாலும், 13இலும் 15இலும் அதே வாசலும் அதே ஆட்களும் இருந்தால், அது யாருடைய வீடு, எந்த நாள் என்று தெரிந்துவிடும். ஆகவே றோலின் வரிசையைக் குலைக்காமல் கோப்புகளுக்கு எண் இடுங்கள்: ஆண்டு, றோல் இலக்கம், சட்ட இலக்கம். பெயர்களைக் கோப்பின் விபரப் பகுதியில் எழுதி, அதையே ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். யார் சொன்ன பெயர், எந்தத் திகதியில் சொன்னது என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். ஒருவரை யாருக்கும் தெரியவில்லை என்றால், ‘பெயர் தெரியாது, இடமிருந்து மூன்றாவது, கதிரை தூக்கியவர்’ என்று எழுதுங்கள். அவரைத் தெரிந்தவர் பிறகு ஒருநாள் அந்தக் கொப்பியைப் பார்க்கக்கூடும்.